சேர்ந்து சாகப் போய் ஒருவர் திரும்பினால்...

இருவர் சேர்ந்து எடுத்த முடிவு. ஒருவர் பிணவறையில், மற்றவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். கட்டிலில் கிடப்பவர் நோயாளியா, சாட்சியா, குற்றவாளியா? 2024-இல் தண்டனைச் சட்டமே மாறிய பிறகும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை.

அவர் பத்தாம் வகுப்பு மாணவர், மணமானவர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேர்வில் தோல்வி. இனி உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்து, அதை மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு ஏறத்தாழ 19 வயது. எழுதப் படிக்கத் தெரிந்தவர். முதலில் என்னைக் கொன்றுவிட்டுப் பிறகு நீங்கள் சாகலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கணவர் அப்படியே செய்தார். ஆனால் தன் முறை வருவதற்குள் பிடிபட்டுவிட்டார்.

1950களில் பீகாரில் நடந்த சம்பவம் இது. பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி எளிமையானது, பதில்தான் எளிதல்ல. மனைவியைக் கொன்ற கணவர் கொலைகாரரா? மனைவி பயந்தோ ஏமாந்தோ சம்மதிக்கவில்லை, விவரம் தெரிந்தே சம்மதித்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எனவே இது கொலை அல்ல. கொலைக் குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்று தீர்ப்பளித்தது. தூக்குமேடை விலகியது, சிறை விலகவில்லை.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படித்துவரும் தீர்ப்பு இது. ஆனால் அந்தக் கணவரின் நிலையில் இன்று ஒருவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தால், அவருக்கு என்ன நேரும் என்று எந்த வழக்கறிஞராலும் ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அவர் வழக்கே இல்லாமல் வீடு திரும்பலாம். பத்து ஆண்டு சிறை செல்லலாம். ஆயுள் தண்டனையும் பெறலாம். காரணம், சேர்ந்து சாவதற்குச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பெயரும் இல்லை, தனிப் பிரிவும் இல்லை. பிழைத்தவரை எந்தக் கூண்டில் நிறுத்துவது என்பதைச் சட்டம் மூன்று கேள்விகளை வைத்துத் தீர்மானிக்கிறது: கடைசிச் செயலைச் செய்தது யார் கை? இறந்தவரின் வயது என்ன? முடிவுக்கு இழுத்துச் சென்றது யார்?

யார் கை?

முதல் கேள்வி கையைப் பற்றியது. இறந்தவர் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தால், பிழைத்தவர் கொலையாளி அல்ல. அவர் தூண்டினாரா, உதவினாரா என்பதுதான் விசாரணை. பிழைத்தவரின் கையால் மரணம் நேர்ந்திருந்தால் கதை வேறு. அது கொலை வழக்காகவே தொடங்கும்.

அங்கே ஒரு சின்ன வாசல் உண்டு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-வது பிரிவில் ஐந்து விதிவிலக்குகள் இருந்தன. ஐந்தாவது விதிவிலக்கு சொன்னது இதுதான்: 18 வயதைக் கடந்த ஒருவர் தன் சம்மதத்தோடு மரணத்தை ஏற்றால், அந்த மரணத்தை விளைவித்தவர் செய்தது கொலை ஆகாது. பீகார் கணவரைக் காப்பாற்றியது இந்த வாசல்தான். 2024 ஜூலை 1-ஆம் தேதி இ.பி.கோ.வின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-வது பிரிவிலும் இதே விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால் அதற்கான தண்டனையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அதிகம் பேசப்படாத மாற்றம். பழைய 304-வது பிரிவின் முதல் பகுதி, ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டு வரை சிறை என்றது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லவில்லை. வழக்கின் பரிதாபத்தைப் பார்த்து நீதிபதி ஓராண்டோ இரண்டாண்டோ கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். புதிய சட்டத்தின் 105-வது பிரிவு அந்த இடத்தில் ஐந்து ஆண்டு என்ற கீழ்வரம்பை வைத்துவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி இரக்கம் காட்டியதாகப் பாராட்டப்பட்ட அதே சட்டம், இந்த ஒரு மூலையில் நீதிபதியின் இரக்கத்துக்கு எல்லை போட்டிருக்கிறது.

விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதே. பழைய சாட்சியச் சட்டத்தின் 105-வது பிரிவும், இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 108-வது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. இறந்தவர் மனமறிந்து சம்மதித்தார் என்று காட்ட வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் உயிரோடு இல்லை. ஒரு கடிதம், தொலைபேசியில் ஒரு செய்தி, அக்கம்பக்கத்தார் காதில் விழுந்த இரண்டு வார்த்தை — இவற்றைத்தான் தேடிப் போக வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் பிழைத்தவரின் சொல் மட்டுமே மிஞ்சும். தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிறார் என்ற சந்தேகம் அந்தச் சொல்லை முதல் நாளிலிருந்தே துரத்தும்.

யார் இழுத்துச் சென்றது?

இருவரும் தத்தம் கையாலேயே முயன்று ஒருவர் பிழைத்துவிட்டால் என்ன? காதலர்கள் விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. வீட்டார் எதிர்ப்பு, சாதி, மதம், அவசரமாக நிச்சயிக்கப்படும் வேறொரு திருமணம். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு முடிவு. இங்கே வருவது தற்கொலைக்குத் தூண்டும் குற்றம். பழைய சட்டத்தில் 306, புதிய சட்டத்தில் 108. பத்து ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்.

தூண்டுதல் என்பதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது: ஒருவரை உசுப்பிவிடுவது, சேர்ந்து சதி செய்வது, தெரிந்தே உதவுவது. உடன்பாட்டுச் சாவில் சிக்கல் இங்கேதான். நீ இல்லாமல் நானும் இருக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்வது காதலா, தூண்டுதலா? ஒருவர் தயங்கும்போது மற்றவர் கொடுத்த உறுதிமொழி அவரை அந்த முடிவை நோக்கித் தள்ளியது என்று அரசுத் தரப்பு வாதிடலாம். அந்த வாதத்தின்படி இருவரும் ஒருவரை ஒருவர் தூண்டியவர்களே. இறந்தவர் மீது வழக்கு இல்லை. பிழைத்தவர் மீது உண்டு. பிழைத்தது மட்டுமே அவருக்கும் இறந்தவருக்கும் உள்ள வித்தியாசம் என்பது எதிர்த் தரப்பின் வாதம்.

இந்தச் சிக்கலைத் தென்னிந்தியா நேரில் பார்த்தது 2002-இல். தெலுங்கிலும் தமிழிலும் நடித்துவந்த பிரத்யுஷா அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹைதராபாத்தில் இறந்தார். அப்போதுதான் ‘தவசி’, ‘கடல் பூக்கள்’ படங்கள் மூலம் தமிழ் ரசிகர்களுக்கும் அவர் முகம் பரிச்சயமாகியிருந்தது. அவரோடு சேர்ந்து உயிரை விட முயன்ற காதலர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இது தற்கொலையே அல்ல, கொலை என்று சந்தேகம் கிளம்பியது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் கருத்து அதற்கு எண்ணெய் ஊற்றியது. வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. கொலைக் கோணத்தை நிபுணர்கள் ஏற்கவில்லை. கடைசியில் அந்த இளைஞர் மீது நின்றவை இரண்டு குற்றங்கள்: தற்கொலைக்குத் தூண்டியது, தற்கொலைக்கு முயன்றது. 2004-இல் விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, தண்டனையை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. அது போதாது என்று ஒரு தரப்பும், தண்டனையே கூடாது என்று மறு தரப்பும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டின.

பெற்ற மகளைப் பறிகொடுத்த தாய்க்கு இரண்டு ஆண்டு என்பது கேலியாகத் தெரியும். தானும் சாகத் துணிந்தவனுக்கு ஒரு நாள் சிறையும் அநியாயமாகத் தெரியும். சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

வெறும் கோபத்திலோ உணர்ச்சி வேகத்திலோ சொன்ன வார்த்தை தூண்டுதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒரு வழக்கில் சொன்னது. இறந்தவரை வேறு வழியில்லாத நிலைக்குத் தள்ளும் நேரடியான செயல் வேண்டும் என்று பிறகு வந்த தீர்ப்புகளும் வலியுறுத்தின. பிழைத்த காதலர்களின் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு இது. ஆனால் இறந்தவர் மணமாகி ஏழு ஆண்டுக்குள் இருக்கும் மனைவியாகவும், பிழைத்தவர் கணவராகவும் இருந்து, கணவர் கொடுமை செய்ததும் தெரியவந்தால், அவர்தான் தூண்டினார் என்று நீதிமன்றம் ஊகிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வரதட்சணைச் சாவுகளைக் கண்டு பதறி 1983-இல் சேர்க்கப்பட்ட விதி அது. சேர்ந்துதான் சாக முடிவெடுத்தோம் என்று ஒரு கணவர் சொல்லும்போது நீதிமன்றம் உடனே நம்பிவிடாததற்கு இந்த நாட்டின் அனுபவமே காரணம்.

குழந்தைக்குச் சம்மதம் ஏது?

2025 பிப்ரவரி 19 அதிகாலை. கொல்கத்தாவின் இ.எம். பைபாஸ் சாலையில் ஒரு கார் மெட்ரோ தூணில் மோதி நொறுங்கியது. உள்ளே காயங்களுடன் இரண்டு சகோதரர்கள், ஒரு சிறுவன். அவர்கள் சொன்ன தகவலை வைத்து டாங்ரா பகுதியில் உள்ள வீட்டுக்குப் போன போலீஸ் கண்டது மூன்று சடலங்கள்: சகோதரர்களின் மனைவியர் இருவர், பதின்வயதுப் பெண் ஒருத்தி. தோல் பொருள் வியாபாரம் நொடித்துக் கடன் கழுத்தை நெரித்ததால் குடும்பமே சேர்ந்து எடுத்த முடிவு என்றார்கள் சகோதரர்கள். பிரேதப் பரிசோதனை கொலையைச் சுட்டியது. கொலை வழக்கு பதிவாகி, மார்ச் மாதத்தில் தம்பி கைதானார். அவர்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம் விசாரணைக்கு முன்பே தெளிவு. அந்தச் சிறுமியும் சம்மதித்தாள் என்று யாரும் வாதாட முடியாது.

18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல. குழந்தையைத் தற்கொலைக்குத் தூண்டினால் மரண தண்டனை வரை போகலாம். தன் கையாலேயே குழந்தையின் உயிரைப் பறித்தால் அது நேரடியாகக் கொலை. ‘குடும்பத்தோடு தற்கொலை’ என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் குடும்பத் தற்கொலைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. சட்டத்தின் அகராதியில் அந்தச் சொல் பாதிதான் உண்மை. பெரியவர் செய்துகொள்வது தற்கொலை. குழந்தைக்கு நேர்வது கொலை.

இந்த இடத்தில்தான் சட்டம் மிகக் கடினமான மனிதர்களைச் சந்திக்கிறது: குழந்தைகளோடு சாகத் துணிந்து, தான் மட்டும் உயிரோடு மீட்கப்படும் தாய். 1940-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன் அப்படியொரு தாய் நின்றார். கணவரின் அடிக்குப் பயந்து குழந்தையுடன் ஓடியவர், பின்னால் கணவர் வருவதைக் கண்டு கிணற்றில் விழுந்தார். பீதியில் செய்ததைக் கொலை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1953-இல் மத்திய பாரத் உயர் நீதிமன்றத்தின் முன் நின்றவர் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தவர். பின்னால் யாரும் துரத்தவில்லை. வீட்டுச் சண்டைதான் காரணம். அது கொலையே என்று தீர்ப்பு வந்தது. ஆனால் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளுக்கே மனம் ஒப்பவில்லை. தண்டனையைக் குறைக்கும்படி அரசுக்குப் பரிந்துரைத்தார்கள்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பஞ்சத்தில் பிறந்தகம் தேடிப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளை நாட்டுப்புறம் இன்றும் பாடுகிறது. அந்தப் பெயர் சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. 1989-இல் சட்ட இதழ்களில் வெளியான ஒரு தீர்ப்பில், குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரால் அழைத்தது. திடீரென்று வரும் ஆத்திரத்தை மட்டுமே சட்டம் சலுகைக்குரியதாக ஏற்கும். நாள்பட்ட கொடுமை உள்ளுக்குள் சேர்ந்து வெடிப்பதையும் அப்படியே பார்க்க வேண்டும் என்று கூறி, கொலைக் குற்றத்தைக் குறைந்த குற்றமாக மாற்றியது. சட்டத்தின் வாசகத்தில் இல்லாத கருணையை நீதிபதிகள் விளக்கத்தின் மூலம் கொண்டுவந்த அரிய தருணம் அது.

எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த இன்னொரு தாயின் வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. தன்னுடன் உறவில் இருந்த ஆணின் மிரட்டலைத் தாங்க முடியாமல், இரண்டு மகன்களோடு சாக முடிவெடுத்தவர் அவர். மகன்கள் இறந்தார்கள். தன் முறை வந்தபோது உறவுப் பெண் ஒருத்தி தட்டிவிட்டதால் அவர் பிழைத்தார். தற்கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை நின்றது. சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகு முன்கூட்டியே விடுதலை கேட்டபோது, குற்றம் கொடூரமானது என்று சொல்லி மாநில அரசு மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கள்ள உறவைத் தொடர்வதற்காக மகன்களைக் கொன்றவர் அல்ல இவர். அவர்களோடு தானும் சாக நினைத்தவர் என்று சுட்டிக்காட்டியது. ஒழுக்கப் பிரசங்கம் செய்வது தன் வேலை அல்ல என்றும் கூறி விடுதலைக்கு உத்தரவிட்டது.

தானும் சாக நினைத்தார் என்ற அந்த ஒரு உண்மைக்குச் சட்டத்தில் எடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. அதுவும் குற்றத்தைத் தீர்மானிக்கும்போது கிடைக்கவில்லை. விடுதலையைத் தீர்மானிக்கும்போதுதான் கிடைத்தது.

309 போனது, மற்றவை இருக்கின்றன

பிழைத்தவரின் தலையில் நீண்ட காலம் இன்னொரு சுமையும் இருந்தது. தற்கொலைக்கு முயன்றதற்கே ஓராண்டு வரை சிறை என்றது இ.பி.கோ. 309. சாவு கிடைக்காதவருக்குச் சிறையா என்ற கேள்வி அரை நூற்றாண்டு ஓடியது. 1971-இல் சட்டக் கமிஷன் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. 1978-இல் மாநிலங்களவை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. 1979-இல் மக்களவை கலைந்ததால் மசோதாவும் கலைந்தது. 1994-இல் ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 309 செல்லாது என்றார்கள். 1996-இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் செல்லும் என்றார்கள். 1997-இல் சட்டக் கமிஷன் பிரிவு இருக்கட்டும் என்றது. 2008-இல் மீண்டும் நீக்கச் சொன்னது.

முடிச்சு அவிழத் தொடங்கியது 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டத்தில். 2018 மே மாதம் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. 2024-இல் வந்த புதிய தண்டனைச் சட்டம் 309-ஐ விட்டேவிட்டது. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ கட்டாயப்படுத்தவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக நீடிக்கிறது.

இதனால் உடன்பாட்டில் பிழைத்தவர் தப்பிவிட்டாரா? இல்லை. 1996-இல் கியான் கௌர் வழக்கில் வாதமே இதுதான். தற்கொலை முயற்சி குற்றம் இல்லை என்றால் அதற்குத் தூண்டுவது மட்டும் எப்படிக் குற்றம் என்று கேட்டார்கள். தூண்டுதல் தனிக் குற்றம், முயற்சி குற்றமாக இல்லாவிட்டாலும் அது தனித்து நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது. விளைவு விசித்திரமானது. ஒரே இரவில் ஒரே அறையில் நடந்த ஒரே செயலுக்காக, பிழைத்தவர் இரண்டு முகங்களோடு போலீஸ் முன் நிற்கிறார். தன் உயிரைப் பொறுத்தவரை அவர் சிகிச்சை பெற வேண்டிய நோயாளி. மற்றவர் உயிரைப் பொறுத்தவரை அவர் சிறை செல்ல வேண்டிய குற்றவாளி. அவரது மனம் கடும் அழுத்தத்தில் இருந்தது என்று ஒரு சட்டம் ஊகிக்கிறது. அதே மனம் தெளிவாகத் திட்டமிட்டது என்று இன்னொரு சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு எழுதப்படுகிறது.

இங்கிலாந்து வைத்த பெயர்

இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் அவர்கள் நாட்டில் நிலைமை நம்மைவிட மோசமாக இருந்தது. உடன்பாட்டில் பிழைத்தவர் அங்கே நேரடியாகக் கொலைகாரர். கொலைக்குத் தண்டனை தூக்கு. இந்தியாவில் 1860-லேயே எழுதப்பட்ட சலுகையை இங்கிலாந்து தன் மக்களுக்குக் கொடுத்தது 1957-இல். அதாவது 97 ஆண்டுகள் கழித்து. ஆனால் கொடுத்தபோது தெளிவாகக் கொடுத்தது. அந்த ஆண்டின் கொலைச் சட்டம் தற்கொலை உடன்பாடு என்பதற்கு விளக்கமே எழுதியது: எல்லோரும் சாக வேண்டும் என்ற பொது முடிவு இருக்க வேண்டும், பிழைத்தவருக்கும் அந்த நேரத்தில் தானும் சாகும் உறுதியான எண்ணம் இருந்திருக்க வேண்டும். அதை நிரூபித்தால் கொலைக் குற்றம் இல்லை, குறைந்த குற்றம்தான். 1961-இல் தற்கொலை முயற்சியையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது.

நம் சட்டம் இறந்தவரின் சம்மதத்தைக் கேட்கிறது. பிழைத்தவரின் எண்ணத்தைக் கேட்பதில்லை. தானும் சாக நினைத்தவரும், சாகும் எண்ணமே இல்லாமல் மற்றவரை மட்டும் அனுப்பிவைத்தவரும் விதிவிலக்கின் வாசகத்தில் ஒன்றுதான். தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது நல்ல நீதிபதி இந்த வேறுபாட்டைப் பார்ப்பார். அவருக்கும் இப்போது ஐந்து ஆண்டுக் கீழ்வரம்பு குறுக்கே நிற்கிறது.

விளக்கம் எழுதினால் அதைக் கேடயமாக்கிக் கொலைகாரர்கள் தப்பிவிட மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லப்படும் பலவற்றில் முடிவு ஒருவருடையதாகவே இருக்கிறது. கடன் வாங்கியவர் கணவர், சாக முடிவெடுத்தவர் கணவர், மனைவி தலையசைத்தார். சாப்பாட்டுக்கும் சம்மதத்துக்கும் கணவரையே எதிர்பார்த்து வாழும் பெண்ணின் தலையசைப்பைச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பயத்திலோ தவறான எண்ணத்திலோ தந்த சம்மதம் சம்மதமே அல்ல என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். குழந்தைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனவே பிழைத்தவரை விசாரிக்கவே கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விசாரணை வேண்டும். அது எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிரச்சினை.

இன்று அது காவல் நிலையத்தில் தொடங்குகிறது. கண் விழித்தவரிடம் முதலில் பேசுவது பெரும்பாலும் வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ்காரர். மனநல மருத்துவர் பிறகு வருவார், வராமலும் போவார். தன்னோடு வந்தவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும், தன் மீது வழக்கு என்ற செய்தியும் ஒரே நேரத்தில் அவர் காதில் விழுகின்றன. ஒருமுறை சாவின் விளிம்புக்குப் போனவர் மீண்டும் அங்கே போகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. வழக்கு பதிவாகட்டும். ஆனால் குற்றப்பத்திரிகை எழுதப்படுவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரின் அறிக்கை கோப்பில் இருப்பதையும், தானும் சாக நினைத்தவர் என்ற உண்மை தண்டனையின்போது மட்டுமல்ல, குற்றத்தைத் தீர்மானிக்கும்போதே கணக்கில் வருவதையும் சட்டம் உறுதி செய்ய வேண்டாமா? சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்று சொல்லும் 115-வது பிரிவு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறந்துவிட்டார் என்பதற்காக இவருக்குப் பொருந்தாமல் போய்விடுவதில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அந்தக் கணக்கு இறந்தவர்களுடையது. ஒருவரோடு போய், ஒருவர் இல்லாமல் திரும்பியவர்களின் கணக்கை எந்த அட்டவணையும் வைத்துக்கொள்வதில்லை. பாட்னாவின் அந்தப் பத்தாம் வகுப்பு மாணவர் நீதிமன்றத்தில் பெற்றது ஒரு சலுகை. ஆனால் மூன்றாவது முறை தேர்வில் தோற்ற நாளில் அவருக்குத் தேவைப்பட்டது சட்டப் பிரிவு அல்ல. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச ஒரு ஆள்.

அந்த ஆள் இன்று தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தனக்காக மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் பேச்சில் சந்தேகம் தட்டினாலும் அழைக்கலாம்.